தீவிலிருந்து வந்த கிலுகிலுப்பை

தம்பி,

எல்லாரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இங்கே அப்படி எழுத வழியில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அனுப்பிய மெசேஜைப் பலமுறை படித்துவிட்டேன். "அந்தப் பெட்டிய எரிச்சிடுங்கப்பா. நானும் இந்த வேலைய விட்டுடலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருந்தாய். உறவுக்காரர்கள் உனக்குப் போன் செய்து என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். செத்தவர்களின் குழியில் கிடைத்த பொம்மைகளைப் பார்த்து, அதே மாதிரி செய்து வீட்டுக்குள் கொண்டுவந்தாய், அதனால்தான் இத்தனை வருடம் குடும்பம் நடத்திய உன் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வளையமாதேவிக்கு, உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள் என்கிறார்கள். என்னிடமும் அதையே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது நீ படிப்பையும் வேலையையும் தூக்கிப் போடப் பார்க்கிறாய் என்றதும், அந்த வசதியோடு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உன் பொம்மைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது. போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு நீ என்னோடு பேசாமல் போகலாம். அதற்கும் தயாராகத்தான் எழுதுகிறேன்.

நீ இந்தப் படிப்புக்குப் போனதே எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போது டவுன்ஷிப் நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் எடுத்து வந்தாய். மாயா என்று ஒரு கூட்டம், கடலுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் கோபுரம் கட்டி வாழ்ந்தவர்கள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாய். கோபுரத்தை விட, உள்ளங்கை அளவில் அவர்கள் செய்த மண் பொம்மைகள்தான் உனக்குப் பிடித்தன. நோட்டு முழுக்க அவற்றை வரைந்தாய். கல்லூரி என்று வந்தபோது நான் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆகிற டிப்ளமோ படிக்கச் சொன்னேன். நீ தொல்லியல் என்றாய். "குழி தோண்டற வேலைக்கு எதுக்குடா அவ்ளோ படிப்பு? அத நான் இங்கயே பண்ணினுதான இருக்கேன்" என்று கேட்டேன். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் சிரித்தார். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன் பக்கம் நின்றவள் அம்மா. நான் அப்படி ஏன் கேட்டேன் என்று நீ இன்று வரை நினைத்திருப்பது ஒன்று, உண்மை இன்னொன்று. நீ புதைகுழி தோண்டப் போகிறாய் என்றதும் எனக்குப் பயம் வந்தது. அதை வெளியே காட்ட முடியாமல்தான் கேலி செய்தேன்.

போன தை மாதம் நீ மெக்சிகோவில் அந்த மாயாக்காரர்களின் குழிகளைத் தோண்டும் வேலையிலிருந்து லீவில் வந்ததை நினைத்துப் பார். நீ படித்த பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்ட, அங்கே அச்செடுத்துச் செய்த நகல் பொம்மைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தாய். பள்ளியில் காட்டிவிட்டு வந்த சாயங்காலம், கட்டிலில் போர்வையை விரித்து ஒவ்வொன்றாக எங்களுக்கு எடுத்து வைத்தாய். அம்மா முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து நாளாகியிருந்தது. ஒரு பொம்மையில் ஒரு பெண் கால் மடக்கி உட்கார்ந்து, இடுப்பில் வார் கட்டி, தறியின் மறுமுனையை மரத்தில் கட்டி நெய்துகொண்டிருந்தாள். அந்த ஊர் ராஜாவுக்கு வரியாகத் துணியும் போகும், நெய்வது வீட்டுப் பெண்கள் வேலை, பெரிய இடத்துப் பெண்களும் நெய்வார்கள் என்றாய். இன்னொன்றில் ராஜா. அவன் தலைப்பாகையை மட்டும் தனியாகக் கழற்றி மாட்டலாம். இடுப்பில் தடித்த பட்டை கட்டிப் பந்து விளையாடுகிறவன் ஒருவன். ராஜா பக்கத்திலேயே நிற்கும் குள்ளன் ஒருவன். கைகளைப் பின்னால் கட்டிய போர்க்கைதி ஒருவன். பிடிபட்டவுடன் அவன் காதுத் தோட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் வெறும் கிழிந்த துணித் துண்டைச் செருகுவார்கள் என்றாய். எனக்கு அவனைக் கையில் வாங்கப் பிடிக்கவில்லை. அகலத் தொப்பி வைத்து, இடுப்பில் பிள்ளையை வைத்திருந்த ஒருத்தியை அம்மா கீழே வைக்கவே இல்லை.

"புள்ள மண்ட ஏன்டா இப்படி நீட்டமா சாஞ்சிகினு இருக்குது?" என்று கேட்டாள்.

"பொறந்த உடனே நெத்தியில பலகை வெச்சுக் கட்டிடுவாங்கம்மா. தலை அப்படி இருந்தாத்தான் அவங்களுக்கு அழகு."

"வலிக்காதா அதுக்கு? நாங்க எண்ணெய் தேச்சு மண்டைய உருட்டி வுடுவோம், மூக்க நீவி வுடுவோம். அதுக்கே அது வீல்னு கத்தும்" என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள் என்று நீ சிரித்தாய். அவள் உன்னைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகுதான் நீ அந்தக் குண்டுப் பெண் பொம்மையை எடுத்தாய். உள்ளே பொள்ளலாக இருந்தது. கை பட்டு அது உருண்டபோது கலகலவென்று சத்தம் வந்தது. அம்மா அதை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள்.

"இதுக்குள்ள என்னாடா இருக்குது?"

"சின்னச் சின்ன மண் உருண்டைம்மா. சுடறதுக்கு முன்னாடியே உள்ள போட்டுடுவாங்க. நம்ம கிலுகிலுப்பை மாதிரி."

"புள்ளைங்களுக்கா?"

"விளையாட்டுக்கா சாமிக்கான்னு உறுதியா தெரியல. ஆனா அங்க ஹைனா தீவுன்னு ஒண்ணு இருக்குது, முழுக்க முழுக்கப் பொதைகுழிதான். அங்க செத்தவங்களோட இந்த மாதிரி பொம்மைய வெச்சுப் பொதைச்சிருக்காங்க. புள்ளைங்க குழியிலயும் கெடைச்சிருக்குது, கைக்கிட்ட."

"யாரு வெச்சது? அம்மாவா?"

"அது யாருக்கும்மா தெரியும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி."

"அத்தினி வருஷம் கழிச்சும் புள்ள இருந்துச்சா உள்ள?"

"எலும்பு கொஞ்சம் இருக்கும். ஈர மண்ணுன்னா அதுவும் கரைஞ்சிடும். பல்லுதான் நிக்கும். பல்லு லேசுல மக்காது."

அந்தத் தீவின் அசல் பொம்மைகளில் பாதிக்கு மேல் திருடர்கள் தோண்டி விற்றவை, அதனால் எது யாருடைய குழியில் இருந்தது என்று இனி எப்போதும் தெரியாது என்றும் சொன்னாய். "பொம்மைய எடுத்துனு எலும்ப என்னா பண்ணாங்க?" என்று அம்மா கேட்டாள். "வாரி எறிஞ்சிடுவாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே நீ ராஜாவைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாய். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இரண்டு நாளில் நீ சென்னைக்குப் போய் விமானம் ஏறினாய். பெட்டியை அடுத்த லீவு வரை இங்கேயே வைத்துவிட்டுப் போனாய்.

தம்பி, உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை இருந்தது. உனக்கு ஒரு அக்கா. பதினான்கு மாதம் இருந்தாள். காய்ச்சல் வந்து, இழுப்பு வந்து, கடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பஸ் குள்ளஞ்சாவடி தாண்டும்போது அம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டாள். அப்போது நாங்கள் என் சொந்த ஊரில் இருந்தோம். அந்த ஊர் இப்போது இல்லை, சுரங்கத்துக்குள் போய்விட்டது. சின்னப் பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள் என்பதால் ஊர் இடுகாட்டில், ஒரு பனைமரத்துக்குக் கிழக்கே புதைத்தோம். நான்தான் கைகளில் ஏந்திப் போனேன். பெண்கள் அங்கே வரும் வழக்கம் இல்லை. அம்மா வாசலிலேயே துணியைச் சுற்றி என் கையில் கொடுத்தாள். அந்தத் துணியை நான் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வருடமே நிலம் எடுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு ஒரு பர்மனென்ட் வேலை என்று வந்தது, அது எனக்குக் கிடைத்தது. குவார்ட்டர்ஸ் வந்தது, நீ பிறந்தாய். நான் பயிற்சி முடித்து, மேல்மண்ணை வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தில் ஆபரேட்டர் ஆனேன். அந்தச் சக்கரத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். சுற்றிலும் வாளிகள், ஒவ்வொரு வாளியிலும் ஓர் ஆள் நிற்கலாம். அது மண்ணை அள்ளி பெல்ட்டில் கொட்டும், பெல்ட் அதை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் மேடாகக் குவிக்கும். உனக்கு நான்கு வயது இருக்கும்போது சுரங்கத்தின் வெட்டுமுகம் எங்கள் பழைய ஊரின் பக்கம் வந்தது. இடுகாட்டில் இருப்பவர்களை எடுக்க நினைக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சிலர் வந்து எடுத்தும் போனார்கள். உன் அம்மா தினமும் கேட்டாள். "நாளைக்குப் போறேன்" என்று நான் தினமும் சொன்னேன். ஷிப்ட் இருந்தது, நீ சின்னப் பிள்ளை, மழை. எல்லாமே காரணமாக இருந்தது. உள்ளே இருந்தது பயம் மட்டும்தான். அவளை எந்த நிலையில் பார்ப்பேனோ என்ற பயம்.

கடைசியில் ஒரு மண்வெட்டியோடு போனேன். பனைமரத்தை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பிள்ளைகளைப் புதைத்த மேட்டுக்குக் கல் நடுவதில்லை, ஐந்தாறு மழையில் எல்லாம் தரையோடு தரையாகியிருந்தது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் தோண்டினேன், ஒன்றும் இல்லை. இன்னோர் இடத்தில் தோண்டும்போது மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. அது யார் பிள்ளையோ என்று தோன்றியது. உடனே மூடிவிட்டேன். பிறகு, வாங்கிப் போயிருந்த புதுப் பானையில் அந்த இடத்து மண்ணை நிரப்பி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, நேராக வளையமாதேவிக்குப் போனேன். உன் மாமாவின் வயலோரத்தில், புங்கமரத்தடியில் புதைத்தேன். அவனும் கூட நின்று கும்பிட்டான். "எடுத்துட்டேன், பத்திரமா வெச்சிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை செத்த பிறகு அவள் என் எதிரில் அழுதது அன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து, காலை ஷிப்டில், அந்த இடுகாட்டை வெட்டியது என் இயந்திரம்தான். ஷிப்ட் பொறுப்பாளர் நல்ல மனிதர். "உங்க ஊர் எடம்னு சொன்னாங்க. வேணும்னா இன்னிக்கு வேற ஆள உட்கார வெக்கிறேன்" என்றார். "பரவால்ல சார்" என்றேன். உட்கார மாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள், எடுத்தாயிற்று என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். சக்கரம் மேலிருந்து கீழே வந்தது. பெல்ட்டில் செம்மண் ஓடியது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சிவப்பாகத்தான் இருந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது. எலுமிச்சம்பழச் சோறு.

உனக்கு அக்கா இருந்ததைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்ததும் நான்தான். பிள்ளை பயப்படும் என்றேன். அம்மா ஒத்துக்கொண்டாள். வருடா வருடம் ஆடியில் அவள் மட்டும் உன் மாமா வீட்டுக்குப் போவாளே, குலசாமிக்குப் பொங்கல் என்று உன்னிடம் சொல்வோமே, அது இதற்குத்தான். பால் ஊற்றுவாள், ஒரு சின்னச் சட்டை வைப்பாள். பிறகு வளையமாதேவிப் பக்கமும் நிலம் எடுக்கிற பேச்சு வந்தது. பக்கத்து வயல்காரர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டபோதும் உன் மாமா போடவில்லை. அவனைப் பிடிவாதக்காரன் என்று எல்லாரும் ஏசினார்கள், நானும் ஏசியிருக்கிறேன். "அக்கா புள்ள அங்க படுத்துகினு இருக்குது மாமா. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்று ஒருநாள் என்னிடமே கேட்டான். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ விமானம் ஏறிய மறுநாள் காலை, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "ஏங்க, நான் ஒண்ணு யோசிச்சேன். அடுத்த லீவுல தம்பி வந்தா அவன் கையாலயே நம்ம புள்ளய எடுக்கச் சொல்லலாம். அவனுக்குத்தான் நோகாம எடுக்கத் தெரியுமே. அப்புறம் என் தம்பியும் நிம்மதியாக் கையெழுத்துப் போட்டுடுவான்" என்றாள். அவளே தொடர்ந்தாள். "எலும்பு இல்லன்னாலும் கிலுகிலுப்பை இருக்கும். பிளாஸ்டிக்குதான, மக்கியிருக்காது. நீங்க பானையில மாத்தும்போது அதையும் உள்ள வெச்சீங்கல்ல?"

"எந்தக் கிலுகிலுப்பை?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான் தம்பி. ஒரு சிவப்புக் கிலுகிலுப்பையை அவள் துணிக்குள் பிள்ளையின் கையோடு சேர்த்துச் சுற்றியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. உண்மையிலேயே நான் அந்தக் குழியைத் திறந்திருந்தால் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவள் என்னையே வெகுநேரம் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. மறந்துட்டேன், இருந்துச்சு என்று சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. அவள் எழுந்து பையில் நாலு புடவையை எடுத்து வைத்தாள். அழவில்லை, ஏசவில்லை. "சோறு வடிச்சு வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து உன் மாமா போன் செய்தான். "மாமா, அக்கா மரத்தடியில தோண்டினு இருக்குது. யாரு சொன்னாலும் கேக்கல. நீங்க வாங்க." நான் மந்தாரக்குப்பத்தில் பஸ் பிடித்துப் போனேன். நான் போவதற்குள் பானையை எடுத்திருந்தாள். ஒரு சாக்கை விரித்து, பானை மண்ணைக் கொட்டி, அரிசி சலிக்கும் சல்லடையில் பிடிப்பிடியாகச் சலித்துக்கொண்டிருந்தாள். மெக்சிகோவில் நீங்கள் மண்ணைச் சலிப்பதை நீ போனில் வீடியோ காட்டினாயே, அதே மாதிரி. கட்டியை விரலால் நசுக்கி, வேரை ஒதுக்கி, திரும்பவும் சலித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போ என்று சொல்லவில்லை. மண் முழுவதும் தீரும் வரை சலித்தாள். ஒரு நத்தை ஓடு கிடைத்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

"பல்லு ஆறு மொளைச்சிருந்துச்சு. அதுவாவது இருக்கும்னு பார்த்தேன்" என்றாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டி தட்டியது, மூடியது, காலை ஷிப்ட், பெல்ட், எல்லாம். உன் மாமா காதில் கை வைத்துக்கொண்டு அப்பால் போய்விட்டான். அவள் முழுவதையும் கேட்டாள். "அந்த மண்ண எந்த மேட்டுல கொட்டினாங்க?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். அது உண்மை. அந்த வருடத்து மண் எங்கெங்கோ போயிருக்கும். அதன் மேல் மரம் நட்டிருக்கிறார்கள், சில இடம் காடாகவே ஆகிவிட்டது. நான் எத்தனையோ முறை சைக்கிளில் அந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறேன். எந்த மேட்டைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன்.

உன் மாமா மறுவாரமே கையெழுத்துப் போட்டுவிட்டான். யாருக்காக இன்னும் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்டானாம். என்னோடு அவன் பேசுவதில்லை. அம்மா அங்கேயே இருக்கிறாள். அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டிவரும், அப்போது எங்கே போவாள் என்று தெரியவில்லை. இங்கே வர மாட்டாள். நான் கூப்பிடவும் இல்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது? இந்த வயதில் இது சரியாகும் என்று நான் நினைக்கவில்லை. நீயும் நடுவில் நின்று சரிசெய்யப் பார்க்காதே.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். வேலையை விடாதே. பெட்டியை நான் எரிக்கவில்லை, எரிக்க மாட்டேன். அந்தத் தீவில் ஒரு குழியைத் திறக்கும்போது, எது யாருடைய கையருகே இருந்தது என்று நீ அளந்து, வரைந்து, எழுதி வைக்கிறாயே, அதை ஒருநாளும் சோம்பலில் விட்டுவிடாதே. ஆறுதலாக இருக்கட்டும் என்று யாருக்கும் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லாதே. அன்று அம்மா கேட்டதற்கு, யார் வைத்தது என்று தெரியாது என்று நீ நேராகச் சொன்னாய். என்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிந்திருந்தால், அவள் அன்றே அழுது, என்னை ஏசி, பிறகு ஏதோ ஒரு வழியாக வாழ்ந்திருப்பாள். இத்தனை வருடம் வெறும் மண்ணுக்குப் பால் ஊற்றியிருக்க மாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பிகிட்ட சொல்லுங்க. அக்கா இருந்துச்சுன்னு சொல்லுங்க. பேரயும் சொல்லுங்க. உங்க வாயால சொல்லணும்" என்றாள். மரத்தடியில் பேசிய பிறகு, இந்த இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அவள் பெயர் மலர்க்கொடி. மலரு என்றுதான் கூப்பிடுவோம். தவழ்ந்துகொண்டிருக்கும்போது கூப்பிட்டால், இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள்.

அப்பா